அக்கா போன் போட்டுத் தரகர் பிடித்த கதை

“…வீட்டுக்காரருக்காக இல்லம்மா, எனக்காகத்தான் வந்திருக்கேன். நல்லாப் பாரு, என் பேரு அதுல இருக்கும்” என்றாள் அக்கா.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான். அக்காவின் சேலையையும் பொட்டையும் பார்த்த மாத்திரத்தில் தமிழுக்கு மாறியவள். “ஆன்ட்டி, பங்குதாரருக்குப் பதிலா வர்றவங்க அந்தப் பக்கம் வரிசையில நிக்கணும். அங்கிள் பேரு என்ன?” என்று அவள் கேட்டதற்குத்தான் அக்கா இப்படிப் பதில் சொன்னாள். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஆட்களில் இந்த வயதுப் பெண்கள் இப்படிப்பட்ட கூட்டத்துக்கு வந்தால் பெரும்பாலும் வீட்டுக்காரர் பேரில்தான் வருவார்கள்.

அவள் அக்காவின் அடையாள அட்டை எண்ணைக் கணினியில் அடித்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கூட்டம் நடந்த ஓட்டலின் இணையம் அப்படி. பின்னால் வரிசை நீண்டது. நான் அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வட்டம் சுற்றி முடிவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு பெட்டிக் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருக்கிறது. அக்கா வேலைக்குப் போன நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அங்கேதான் டெலிபோன் ஆப்பரேட்டர். தினமும் பினாங்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போய் வந்தாள். வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பும் அவள் காதைத் தாண்டித்தான் உள்ளே போகும். எந்த மேனேஜர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், எந்த வியாபாரி கடன் கேட்கப் போகிறான் என்பதை “ஹலோ”விலேயே சொல்லிவிடுவாள். “சட்டையை மாத்திக்கலாம்டி, குரலை மாத்த முடியுமா?” என்பாள். எனக்கு மனிதர்கள் சொல்வதைப் பொறுக்கி வைப்பதில் ஆசை. காசு கொடுத்து வாங்க வேண்டாம், அலமாரியில் இடமும் அடைக்காது. என்னிடம் இருப்பதில் பாதி அக்காவிடமிருந்து வந்தது.

அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனபோது ஊழியர்களுக்கென்று கொஞ்சம் பங்குகளை ஒதுக்கி, அதற்கு இளஞ்சிவப்பு நிறத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். ‘பிங்க் பாரம்’ கிடைத்தவர்கள் தொழிற்சாலைக்குள் மாப்பிள்ளை நடை நடந்தார்கள். முக்கால்வாசிப் பேர் பங்கு கைக்கு வந்ததுமே விற்று மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். அக்கா விற்கவில்லை. “மோட்டாருக்கு எண்ணெய் ஊத்தணும். இதுக்கு ஒண்ணும் ஊத்த வேணாம், தானே ஓடும்” என்று வைத்துக்கொண்டாள். போனஸ் வந்தபோதெல்லாம் கொஞ்சம் சேர்த்தும் வாங்கினாள்.

அதனால் வருடத்துக்கு ஒரு முறை அவளுக்கு ஒரு திருவிழா. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர் பெயரைப் பட்டியலில் பார்த்து, கையில் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி, ஒரு சீட்டைக் கொடுத்து உள்ளே விடுவார்கள். அந்தச் சீட்டைக் காட்டினால் ஒரு பொட்டலம் சாப்பாடும் ஓர் அன்பளிப்பும் கிடைக்கும். பினாங்கில் இதற்காகவே பல கம்பெனிகளில் ஆளுக்கு ஒரு லாட் பங்கு வாங்கிப்போட்டிருக்கும் ஓய்வுபெற்றவர்கள் பலர் உண்டு. லாட் என்றால் நூறு பங்கு. அதற்குக் குறைந்து சந்தையில் வாங்குவது சிரமம். அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கும் குடைகள் எல்லாம் அந்தக் கூட்டங்கள் கொடுத்தவை. மழை வந்தால் எந்தக் கம்பெனியை விரிக்கலாம் என்று யோசிப்பாள். அன்பளிப்பு மேசையில் குடை தீர்ந்துவிடும் என்று மண்டபத்துக்குள் போகுமுன் அங்கேதான் முதலில் நிற்பாள். நானே பார்த்திருக்கிறேன்.

போன வருடக் கூட்டத்தில் மட்டும் கதை வேறு.

அதற்கு முந்தின தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் அக்காவின் பழைய தோழி ஒருத்தியைப் பார்த்தோம். அதே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பிரிவில் இன்னும் வேலை செய்கிறவள். கம்பெனி சாயங்கால ஷிப்டுக்கு விட்டுக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டது என்று சொன்னாள். “எல்லார்கிட்டயும்தான் மோட்டார் இருக்கு, காடி இருக்குன்னு சொல்றாங்க. என்கிட்ட என்ன இருக்கு, இந்த ரெண்டு காலுதான் இருக்கு. அதையும் இந்த மலையில தேச்சுட்டேன்” என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, ஓவர்டைம் காசு வாடகைக் காருக்கே போகிறது என்பதையும் சொன்னாள். அவளைப் போல இன்னும் சில பெண்கள் இருக்கிறார்களாம். மேலே சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. வேலை செய்கிறவர்கள் வாய் திறந்தால் யார் திறந்தது என்று பார்ப்பார்கள்.

“நான் இப்ப அங்க வேலை செய்யலையே” என்றாள் அக்கா. “என்னை யாரு பாக்கப் போறா?”

அந்த வருடக் கூட்டத்தில் கேள்வி நேரம் வந்ததும் எழுந்து ஒலிவாங்கிக்குப் போனாள். சாப்பாடு எப்போது என்று கேட்கப் போகிறாள் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். இத்தனை காலம் பிறர் குரலைக் கேட்டவள், தன் குரலால் பஸ்ஸைக் கேட்டாள். கம்பெனித் தலைவர் நல்ல மனிதர்போலத்தான் பதில் சொன்னார்: “விசாரிக்கிறேன் மேடம். அடுத்த வருஷம் வாங்க, பதில் வச்சிருப்பேன்.” எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அக்கா தோழிக்குப் போன் செய்து அதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். “அடுத்த வருஷம் நான் போய் நிக்கிறேன், நீ கவலைப்படாத” என்று வாக்கும் கொடுத்தாள்.

இந்த வருடம் கூட்டம் நெருங்கும் சமயத்தில்தான் தரகர் அண்ணன் போன் செய்தார்.

அவரை நாங்கள் இருவருமே அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அவருடைய அப்பா அரசாங்கத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. இவர் மட்டும் பங்கு வியாபாரத்துக்கு வந்துவிட்டார். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு தரகு நிறுவனத்தில் அவருக்கு ஒரு மேசை, இரண்டு போன். அக்கா வாங்குவதும் விற்பதும் அவர் வழியாகத்தான். “விலை ஏறினா எனக்குப் போன் பண்ணாதீங்க, இறங்கினாலும் பண்ணாதீங்க. தீபாவளிக்குப் பண்ணுங்க, பலகாரம் வாங்கிக்கறேன்” என்பது அவர் எல்லா வாடிக்கையாளருக்கும் சொன்ன புத்திமதி. அதைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள்.

இப்போது அவரும் ஓய்வு பெறுகிறார், நிறுவனமும் சின்ன வாடிக்கையாளர்களை விட்டுவிடுகிறது. குறிப்பிட்ட தேதிக்குள் அவரவர் பங்குகளை வேறு தரகரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

“எல்லாம் இப்ப ஆன்லைன் லா. உங்களுக்குப் புடிச்ச ஒரு ஆளைப் பாருங்க தங்கச்சி, மாத்திக் குடுத்துட்டுத்தான் நான் மேசையைக் காலி பண்ணுவேன்” என்றார் அக்காவிடம்.

அக்கா எனக்குப் போன் செய்தாள். செய்யாமல் இருப்பாளா? எங்கள் குடும்பத்தில் ஆன்லைன் தரகர் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான்.

பாயான் லெப்பாசில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து முடித்த பிறகு, வீட்டிலிருந்து விருந்துகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். முறுக்கு வேகும் நேரத்தில் போனில் வீடியோ பார்த்தே பங்கு வியாபாரம் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. கருகிய முறுக்குகள் சில உண்டு. கருகிய பங்கும் ஒன்றிரண்டு உண்டு. என் ஆப் மிக மலிவு. வாங்கும்போதும் விற்கும்போதும் தரகர் எடுத்துக்கொள்ளும் கட்டணம் ஒரு கோப்பி குடிக்கும் காசுக்குள் முடிந்துவிடும். அண்ணன் நிறுவனத்தில் அதே வேலைக்கு ஒரு குடும்பமே உட்கார்ந்து நாசி கண்டார் சாப்பிடலாம்.

அதனால் டத்தோ கிராமாட்டில் அக்காவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகும்போது நான் வெற்றி பெற்ற வேட்பாளர் மாதிரிதான் போனேன்.

“பாரு” என்று ஆப்பைத் திறந்து காட்டினேன். “இதான் விலை. இதைத் தொட்டா வாங்கலாம், இதைத் தொட்டா விக்கலாம். கட்டணம் ரொம்பக் கம்மி. பாரம் ஒண்ணும் இல்ல, மூஞ்சியைக் காட்டினா போதும், கணக்குத் திறந்துடும்.”

“மூஞ்சியைக் காட்டினாலா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி இருக்கே.”

“சும்மா இரு அக்கா. வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம்னு பாரு.”

“நான் என்ன தினமுமா வாங்கறேன்? வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குவேன், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விப்பேன். அதுல எங்கேர்ந்துடி மிச்சம் புடிக்கிறது?” கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தாள். “அது சரி. இங்க மாத்தினா கம்பெனிக்காரன்கிட்ட இருக்கற பட்டியல்ல யாரு பேரு இருக்கும்?”

இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. எனக்குத் தேவைப்படவில்லை. ஆப்பின் உதவிப் பக்கத்தில் தேடிப் படித்தேன். விஷயம் இதுதான். நம் நாட்டில் பங்குகளை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று நேரடிக் கணக்கு. பங்கு நம் பெயரிலேயே பதிவாகும். கம்பெனி பட்டியல் எடுத்தால் நம் பெயர் இருக்கும். மற்றது நொமினி கணக்கு. பங்கு நம்முடையதுதான், காசும் நமக்குத்தான் வரும். ஆனால் நம்மைப் போன்ற ஆயிரம் பேருக்குச் சேர்த்துத் தரகரின் துணை நிறுவனம் தன் பெயரில் பிடித்து வைத்திருக்கும். கம்பெனியின் பட்டியலில் இருப்பது அந்த நிறுவனத்தின் பெயர். என் ஆப் மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

“அப்ப ஏஜிஎம் கூட்டத்துக்கு?”

“போகலாம் லா. தரகருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டா, அவங்களோட பிரதிநிதியா உன்னை அனுப்பி வைப்பாங்க.”

அக்கா போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். “என் வீட்டு விசேஷத்துக்கு நானே அடுத்தவங்க சார்பா மொய் வைக்கணுமா? போடி.”

“நீ எதுக்குக்கா போற? கேள்வி கேக்கத்தானே! யாரு பேருல கேட்டா என்ன?”

“அந்தத் தலைவர் போன வருஷம் என் பேரைச் சொல்லித்தான் மேடம்னு கூப்பிட்டாரு. பட்டியலைப் பாத்துத்தான் கூப்பிட்டாரு. இந்த வருஷம் ஏதோ ஒரு நொமினி கம்பெனி எழுந்து நின்னா, ‘யாருக்கு வாக்குக் குடுத்தேன், ஞாபகம் இல்லையே’ன்னு சொல்லிட்டா? நான் அவளுக்கு என்ன பதில் சொல்றது?” தோழியைத்தான் சொன்னாள்.

அவள் சொன்னது சரிதான். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன், என் ஆப்பை நான் இன்றுவரை மாற்றவில்லை. தினமும் விலை பார்த்து, அடிக்கடி வாங்கி விற்கிறவளுக்கு அது சரியான கடை. அக்காவுக்கு வேண்டியது வேறு கடை. ஒரே தரகர் எல்லாருக்கும் சரி என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரே அளவு ரவிக்கையா அது?

நேரடிக் கணக்கு கொடுக்கும் ஆன்லைன் தரகர்கள் யார் யார் என்று தேடினேன். அரசாங்கத்தின் உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மூவரின் ஆப்பையும் இறக்கிக் காட்டுகிறேன் என்றேன்.

“ஆப்பு எல்லாம் அழகாத்தான் இருக்கும்” என்றாள் அக்கா. “நம்பரைக் குடு, போன் பண்ணிப் பாக்கறேன்.”

“ஆன்லைன் தரகரைப் போன் பண்ணியா தேர்ந்தெடுப்பாங்க? யாராவது கேட்டா சிரிப்பாங்கக்கா.”

“சிரிக்கட்டும். ஆப்புல எல்லாம் நல்லா இருக்கறப்ப எனக்கு யாரும் வேணாம். ஒரு நாளு கெட்டுப் போகும் பாரு, அன்னிக்கு யாரு போன் எடுக்கறான்னு இன்னிக்கே தெரியணும்.”

மறுநாள் காலை கடையில் ரொட்டி சானாயைப் பொட்டலமாகத் தாப்பாவ் செய்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் போனை ஒலிபெருக்கியில் வைத்தாள். முதுகு நிமிர்ந்தது. காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக்கொண்டாள். ஆப்பரேட்டர் நாற்காலி திரும்ப வந்துவிட்டது.

முதல் தரகர். மலாய்க்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து என்றது ஒரு இயந்திரக் குரல். அழுத்தினாள். பாட்டு ஓடியது. நாங்கள் ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தோம், பாட்டு முடியவில்லை. கடைசியில் ஒரு பையன் வந்து, என்ன கேட்டாலும் “எல்லாம் ஆப்பிலேயே இருக்கிறது ஆன்ட்டி” என்றான். அக்கா நன்றி சொல்லி வைத்தாள்.

“வீட்டு வாசல்ல நின்னு பேசற ஆளு. உள்ள கூப்பிட மாட்டான்” என்றாள்.

இரண்டாவது தரகர் உடனே எடுத்தார். குரலில் தேன். இப்போது திறந்தால் இலவசம், தங்கையைச் சேர்த்துவிட்டால் இன்னும் இலவசம் என்று அடுக்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கம்பெனி பட்டியலில் என் பெயர் எப்படி இருக்கும்?” என்று மலாயில் கேட்டாள். சிஸ்டத்தில் இருக்கும் ஆன்ட்டி, கவலைப்படாதீர்கள் என்றார்.

போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள். “சிஸ்டம்னா யாருடி? எந்த வீட்டுப் பிள்ளை? அவன் சிரிச்சான், சிரிச்சுக்கிட்டே இருந்தான், நான் கேட்டதைக் கேக்கவே இல்ல.”

மூன்றாவது தரகரில் ஒரு மலாய்ப் பெண் எடுத்தாள். சாதாரணக் குரல். நேரடிக் கணக்கு, நொமினி கணக்கு இரண்டும் தங்களிடம் உண்டு, நேரடிக் கணக்கில் ஒவ்வொரு முறையும் கட்டணம் கொஞ்சம் கூட என்றாள். பட்டியலைப் பற்றியும் அக்கா கேட்டாள். “அது எனக்குச் சரியாகத் தெரியாது அக்கா. தப்பாகச் சொல்ல விரும்பவில்லை. கேட்டுவிட்டு வருகிறேன், லைனில் இருங்கள்” என்றாள். அக்காவை ‘காக்’ என்று கூப்பிட்டாள். மலாயில் அது அக்காதான். திரும்பி வந்து, நேரடிக் கணக்கு என்றால் உங்கள் பெயரே கம்பெனிக்குப் போகும் என்று விளக்கமாகச் சொன்னாள்.

அக்கா போனை வைத்துவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தாள். “தெரியாதுன்னு சொன்னா பாரு, அங்கதான் நான் விழுந்தேன்.”

அப்போதும் சேரவில்லை. அடுத்த நாள் மறுபடியும் போன் செய்தாள். இந்த முறை வேறொரு ஆள் எடுத்தார். அதே கேள்வியைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள். அதே பதில் வந்தது. “ரெண்டு வாய், ஒரே பேச்சு. திறந்துடு” என்றாள் என்னிடம்.

கணக்கைத் திறந்தது என் விரல்தான். அடையாள அட்டையைப் படம் பிடித்தேன். அக்காவின் முகத்தை வட்டத்துக்குள் வைத்துக் கண் சிமிட்டச் சொன்னது ஆப்.

“எதுக்கு சிமிட்டணும்? வயசுக் காலத்துலயே நான் யாருக்கும் சிமிட்டல.”

“உயிரோட இருக்கியான்னு பாக்குதுக்கா.”

“அப்ப நல்லா சிமிட்டிடறேன்” என்று இரண்டு கண்ணையும் சேர்த்து மூடினாள். கண்ணாடியைக் கழற்றினால் திரை தெரியவில்லை, போட்டால் ஆப் ஏற்கவில்லை. நான் சிரித்துச் சிரித்துப் போனை ஆட்டிவிட்டேன். எப்படியோ ஒரு வழியாக முடிந்தது. அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவரே டத்தோ கிராமாட்டுக்கு வந்து மாற்றுவதற்கான கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். அக்கா கொடுத்த அதிரசத்தைக் கடித்துக்கொண்டே, “இது தீபாவளிக் கணக்குல சேராது” என்றார்.

பங்குகள் புதுக் கணக்குக்கு வந்து சேர்ந்தன. ஆப்பில் அக்காவின் பெயரும் பெட்டிக் கம்பெனியின் பெயரும் ஒன்றாகத் தெரிந்தன. அவள் திருப்தியாகிவிட்டாள்.

எனக்குத்தான் அதன் பிறகு ஒரு குறுகுறுப்பு. கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் வரும் அழைப்பு உறை இந்த வருடம் தபாலில் வரவில்லை. இப்போதெல்லாம் மின்னஞ்சலில்தான் அனுப்புகிறார்கள் என்று கம்பெனி சொன்னதாக அக்காவின் தோழி சொன்னாள். அக்காவுக்கு நான் உண்டாக்கிக் கொடுத்த மின்னஞ்சலின் கடவுச்சொல் அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கணக்குத் திறக்கும்போது நேரடியா நொமினியா என்று கேட்ட இடத்தில் நான் எதைத் தொட்டேன்? நேரடியைத்தான் தொட்டேன். ஆனால் அப்போது சிரித்துக்கொண்டிருந்தேனே! ஆப்பில் பெயர் தெரிவதை வைத்துச் சொல்ல முடியாது. என் நொமினி கணக்கிலும்தான் என் பெயர் அழகாகத் தெரிகிறது.

“எதுக்குடி முழிக்கிற?” என்றாள் அக்கா, கூட்டத்துக்குப் போகும் வழியில். பாலத்தில் கார் ஓடிக்கொண்டிருந்தது. “அந்த மலாய்ப் பொண்ணுகிட்ட மறுபடியும் கேட்டுட்டேன். நேரடிக் கணக்குதான்னு சொல்லிட்டா.”

“அவ சொன்னா சரியா?”

“தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னவ. தெரிஞ்சதைச் சொன்னா நம்பலாம்.” சன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள். “நீ உன் கதையைச் சொல்லு. நீயும் இந்தக் கம்பெனியில வாங்கி வச்சிருக்கியே, நீ எப்படி உள்ள வருவ?”

உண்மைதான். அக்கா பேசப் பேச எனக்கும் அந்தக் கம்பெனி மேல் ஒரு பிடிப்பு வந்து, என் ஆப்பில் சில லாட் வாங்கியிருந்தேன். பிரதிநிதியாகப் போக வேண்டுமென்றால் தரகருக்கு எழுதிக் கேட்க வேண்டிய கெடு எப்போதோ முடிந்துவிட்டது. பங்கு என்னிடம் இருக்கிறது, வாசலில் காட்டப் பெயர் இல்லை.

“நான் வெளியில தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றேன்.

“குடி. சீனி கம்மியாப் போட்டுக்கோ” என்றாள்.

இப்படியாகத்தான் நாங்கள் அந்த மேசைக்கு முன்னால் நின்றோம். மண்டபக் கதவு திறந்திருந்தது. உள்ளே மேடையில் தண்ணீர்ப் புட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். தோழியும் அவள் கூட்டாளிகளும் அந்நேரம் ஷிப்டில் இருப்பார்கள். இடைவேளையில் போன் செய்வதாக அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

வட்டம் நின்றது. பெண் திரையைக் கிட்டப் பார்த்தாள். மேலே போனாள், கீழே வந்தாள். நான் மேசைமேல் சாய்ந்து எட்டி எட்டிப் பார்த்தேன். அக்கா மட்டும் ஆப்பரேட்டர் நாற்காலியில் இருப்பதுபோல நின்றாள். லைன் கிடைக்கும், காத்திருப்போம் என்கிற மாதிரி.

“இருக்கு ஆன்ட்டி” என்றாள் பெண். திரையை அக்காவின் பக்கம் திருப்பினாள். “உங்க பேருதான். நேரடியா உங்க பேருலயே இருக்கு. சாரி ஆன்ட்டி.”

“எதுக்கும்மா சாரி? கண்டுபிடிச்சுட்டே இல்ல” என்று அக்கா கையை நீட்டினாள். பெண் மஞ்சள் பட்டையைச் சுற்றி ஒட்டினாள். சாப்பாட்டுக்கும் அன்பளிப்புக்குமான சீட்டைக் கொடுத்தாள்.

அன்பளிப்பு மேசை வலப்பக்கம் இருந்தது. இந்த வருடமும் குடைதான், அதுவும் பெரிய குடை. முன்னால் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. எப்போதும்போல அக்கா அங்கேதான் போவாள் என்று நானும் அந்தப் பக்கம் திரும்பினேன்.

அவள் அந்தச் சீட்டை என் கையில் திணித்தாள். பையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். குடைகளைத் திரும்பியும் பாராமல் கதவைத் தாண்டி நடந்தாள். நாற்காலிகள் இன்னும் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தன. நடுவில், பங்குதாரர்கள் கேள்வி கேட்பதற்கென்று நிறுத்தியிருந்த ஒலிவாங்கிக்குப் பக்கத்து நாற்காலியில் பையை வைத்தாள். பிறகு அந்த ஒலிவாங்கியின் திருகைத் தளர்த்தி, அதன் கழுத்தைத் தன் உயரத்துக்கு இறக்கி, திருகை இறுக்கினாள்.